இருமாத புரை: தலை–கழுத்துப் புற்றுநோயில் விழுங்குதலை அளப்பது

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பது வீட்டு வழக்கம். மருத்துவக் கணக்கில் அந்த இருமல் நல்ல அறிகுறி. வழிமாறிப் போன பருக்கையைத் தொண்டை உணர்ந்துவிட்டது, அதை வெளியே தள்ளவும் அதற்குத் தெம்பு இருக்கிறது. கவலைப்பட வேண்டியவர் வேறொருவர். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, அறுவைசிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்து வீடு திரும்பியவர். குடிக்கும் காபியில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கும், ஒருமுறைகூட இருமமாட்டார். "சாப்பாடு எப்படி இறங்குது?" என்று டாக்டர் கேட்டால் "நல்லா இறங்குது சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே நடப்பது அவருக்கே தெரியாது.

தலை–கழுத்துப் புற்றுநோயில் விழுங்குதலை மதிப்பிடும் துறை கடந்த நாற்பதாண்டுகளில் வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் இந்தத் தெரியாமைதான். நோயாளியைக் கேட்பதும் அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று கவனிப்பதும் தேவை. ஆனால் அவை போதா. தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததை அளவாகக் குறித்துவைக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன்பே அதை ஆரம்பித்து, நோய் குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

இது நமக்கு அந்நியமான விஷயமல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோயால் மட்டும் அந்த ஓராண்டில் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் 1,43,000க்கும் மேல். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுவே முதலிடம். தொண்டை, குரல்வளைப் புற்றுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. மேலைநாடுகளில் இப்போது பேசப்படும் நோயாளி பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ புற்று வந்தவர். இங்கே நோய் அதிகம் வருவது கன்னமும் ஈறும் சேரும் இடத்தில், அதாவது புகையிலையையும் பாக்கையும் அடக்கிவைக்கும் இடத்தில். மதிப்பீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மேலைநாட்டு நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் நோயாளிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தும்போது எங்கே பொருந்துகின்றன, எங்கே இடிக்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாய் தண்ணீர் தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகிறது. அந்த ஒரு நொடியில் மென்அண்ணம் உயர்ந்து மூக்குப் பாதையை அடைக்கிறது. நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளுகிறது. தாடைக்குக் கீழிருக்கும் தசைகள் இழுக்க, நாவடி எலும்பும் அதோடு சேர்ந்து குரல்வளையும் மேலும் முன்னுமாக எழும்புகின்றன. கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கினால் கழுத்தின் மேடு ஏறி இறங்குவதை ஆண்கள் எளிதாகப் பார்க்கலாம். குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் நெருங்கி அடைக்கின்றன, மூச்சு சற்றே நிற்கிறது. எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் அப்போதுதான் தளர்கிறது. குரல்வளை எழும்பும் இழுப்புதான் அதை அகலத் திறந்துவிடுகிறது. முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் முறை தவறாமல் செய்யும் இந்த வேலை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. யாரும் நினைத்துச் செய்வதில்லை.

புற்றுநோய் சிகிச்சை இந்த முறையை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கலைக்கலாம். நாக்கில் பாதியை எடுத்தால் மார்பிலிருந்தோ முன்கையிலிருந்தோ சதை கொண்டுவந்து வைக்கிறார்கள். இடம் நிரம்பும், அசைவு வராது. கீழ்த்தாடையில் ஒரு பகுதியும் வாயின் அடித்தளமும் போனால், குரல்வளையை மேலே இழுக்கும் தசைகளும் பல நேரம் கூடவே போகின்றன. கதிர்வீச்சின் வழி வேறு. வழக்கமான முழு அளவு 70 கிரே. அதை 35 தவணையாக, ஏழு வாரத்தில் கொடுக்கிறார்கள். 'கரண்ட் வைக்கிறது' என்று வார்டில் சொல்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும். அது தெரிந்த துன்பம். தெரியாத துன்பம் பிறகு வருகிறது: தொண்டைத் தசைகள் மாதக்கணக்கில் நாராக இறுகும், உணர்வு நரம்புகள் மரத்துப்போகும். இருமல் வராமல் போவது இங்கேதான். உள்ளே ஏதோ போகிறது என்ற சேதி மூளைக்கு எட்டுவதே இல்லை.

குரல்வளையை முழுக்க எடுத்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் நிரந்தரமாகப் பிரிந்துவிடுவதால் தொண்டை வழியே புரையேற வழியில்லை. பேசுவதற்காகப் பொருத்திய வால்வு கசிந்தால்தான் உண்டு. நிறம் கலந்த நீரைக் குடிக்கவைத்துக் கழுத்துத் துவாரத்தைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

சாதனம் எதுவும் இல்லாமலே தொடங்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்பது முதல் அளவு. மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது வாய்ப்பூட்டு. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வரும் வாய் நார்த்தன்மை நோய் இங்கே பரவலாக இருப்பதால், நம் நோயாளிகளில் பலர் புற்றுநோய் வரும் முன்பே இந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்கள். சிகிச்சைக்கு முந்தைய அளவைக் குறித்துவைக்காவிட்டால், பிறகு எதைக் கதிர்வீச்சின் மேல் போடுவது, எதைப் பாக்கின் மேல் போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று நூறு மில்லி தண்ணீர்ச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரை முடிந்த அளவு வேகமாகக் குடிக்கச் சொல்லி, எத்தனை மடக்கு, எத்தனை நொடி என்று எண்ணுவார்கள். ஒரு மடக்குக்கு எத்தனை மில்லி, நொடிக்கு எத்தனை மில்லி என்று இரண்டு எண்கள் கிடைக்கும். இருமல் வந்ததா, குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்ததா என்பதையும் குறிப்பார்கள். ஐந்து நிமிட வேலை, செலவு ஏதுமில்லை. மாதாமாதம் செய்தால் இறங்குமுகம் தெரிந்துவிடும். ஆனால் இருமாதவரைப் பற்றி இந்தச் சோதனையும் மௌனமாகத்தான் இருக்கும். விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டி, அளவு இறங்கவில்லை, எனவே புரையேறவில்லை என்று முடிவுசெய்வோரும் உண்டு. அதை நம்ப வேண்டியதில்லை.

எனவே உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். முதலாவது எக்ஸ்ரே. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோகெமன் வளர்த்தெடுத்த முறை. அவருடைய புகழ்பெற்ற பாடநூல் 1983இல் வந்தது. நம் எக்ஸ்ரே பிரிவுகளில் 'பேரியம் ஸ்வாலோ' என்றால் வாய் நிறையப் பேரியம் குடிக்கவைத்து உணவுக்குழாயில் அடைப்பிருக்கிறதா என்று பார்ப்பார்கள். லோகெமனின் முறை அதிலிருந்து வேறு. சில மில்லியில் தொடங்கி, நீர்த்தது, கெட்டியானது, மெல்ல வேண்டியது என்று படிப்படியாகக் கொடுத்து, வாயும் தொண்டையும் பக்கவாட்டில் தெரியும்படி வீடியோவாக எடுப்பது. பெயரில் 'மாடிஃபைட்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். சீட்டில் அந்தச் சொல் விட்டுப்போய், சாதாரண பேரியம் படம் எடுக்கப்பட்டு, 'அடைப்பு இல்லை, நார்மல்' என்று அறிக்கை வந்தால் நோயாளியின் கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

இரண்டாவது வழி மூக்கு வழியே கேமரா. சூசன் லாங்மோரும் அவருடைய சகாக்களும் 1988இல் வெளியிட்ட முறை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபீஸ் என்கிறார்கள். சில மில்லிமீட்டரே பருமனுள்ள வளையும் எண்டோஸ்கோப்பை மூக்கில் விட்டு, அண்ணத்துக்குப் பின்னால் இறக்கி, குரல்வளைக்குச் சற்று மேலே நிறுத்திவைப்பார்கள். நோயாளி விழித்திருப்பார், சாய்வு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார்.

அந்தத் திரையில் என்ன தெரியும் என்று சற்று நின்று பார்க்கலாம். உணவு கொடுக்கும் முன்பே முதல் தடயம் கிடைத்துவிடும்: குரல்வளையைச் சுற்றி எச்சில் நுரைத்துத் தேங்கியிருந்தால், தன் எச்சிலையே அவரால் விழுங்க முடியவில்லை என்று பொருள். பிறகு பச்சை நிறம் கலந்த பால், ஒரு சிறு கரண்டி. "ஐயா, வாயில் வைச்சுக்கோங்க, சொன்னதும் முழுங்குங்க." விழுங்கும் கணத்தில் தொண்டை சுருங்கிக் கேமராவை மூடிக்கொள்ள, திரை அரை நொடிபோல வெளுத்துவிடும். படம் திரும்ப வரும்போது நாக்கடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலான குழியில் பச்சை தேங்கி நிற்கிறது. குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்சுவரில், ஒரு பச்சைக் கீற்று. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "இறங்கிடுச்சுங்களா?" "ம், இறங்கிடுச்சும்மா." திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, இருமச் சொல்கிறார் ஸ்பீச் தெரபிஸ்ட். இருமியதும் கீற்று மேலே வருகிறது. இரண்டாம் கரண்டிக்குத் தலையை இடப்பக்கம், பலவீனமான பக்கம், திருப்பி விழுங்கச் சொல்கிறார். இம்முறை மூச்சுக்குழாய் சுத்தமாக இருக்கிறது. தலையைத் திருப்பியதில் அந்தப் பக்கப் பாதை ஒடுங்கி, உணவு நல்ல பக்கத்தில் இறங்கிவிட்டது.

எக்ஸ்ரேயா, கேமராவா என்ற சண்டை இந்தத் துறையில் பழையது. வெளுத்துப்போகும் அந்த அரை நொடியில் நடப்பதைக் கேமரா காட்டாது. குரல்வளை எவ்வளவு எழும்பியது, உணவுக்குழாய் வாய் திறந்ததா என்பதை எக்ஸ்ரேயே சொல்லும். எச்சிலையும் வீக்கத்தையும் புண்ணையும் உணர்விழப்பையும் காட்டுவது கேமரா. அதில் கதிர்வீச்சு கிடையாது, படுக்கையருகே செய்யலாம், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தையே கொடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் காது–மூக்கு–தொண்டைப் பிரிவு உள்ள பல மருத்துவமனைகளில் அந்த எண்டோஸ்கோப் ஏற்கெனவே இருக்கிறது. எது உயர்ந்தது என்று வாதிடுவதைவிட, கையிலிருக்கும் ஒன்றை எல்லா நோயாளிக்கும் செய்துவிடுவது மேல் என்பேன்.

பார்த்ததை எப்படி எழுதுவது? 1996இல் ரோசன்பெக் குழு எட்டுப் படி அளவுகோல் ஒன்றைக் கொடுத்தது. ஒன்று என்றால் மூச்சுப் பாதைக்குள் எதுவும் நுழையவில்லை. இரண்டிலிருந்து ஐந்துவரை குரல்வளைக்குள் நுழைந்தாலும் நாண்களைத் தாண்டவில்லை. ஆறு முதல் எட்டுவரை தாண்டிவிட்டது. ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நம் பேச்சின் மையம்: ஏழில் உடம்பு வெளியேற்ற முயன்று தோற்கிறது, எட்டில் முயலவே இல்லை. பின்னர் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கேத்தரின் ஹட்சசன் குழு 2017இல் 'டைஜெஸ்ட்' என்ற முறையைப் புற்றுநோயாளிகளுக்கென்றே வகுத்தது. அது பாதுகாப்பைத் தனியாகவும், தொண்டையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதைத் தனியாகவும் மதிப்பிட்டுச் சேர்க்கிறது. இந்தப் பிரிப்பு அவசியமானது. புரையே ஏறாமல், கொடுத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரு தட்டுச் சோற்றை முடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் எடை இறங்கும்.

புரையேறும் எல்லாருக்கும் நிமோனியா வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாங்மோர் குழு 1998இல் முதியவர்களிடம் செய்த ஆய்வில் நிமோனியாவை முன்னறிவித்தவை வேறு சில: பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, வாய் சுத்தத்துக்குப் பிறரைச் சார்ந்திருப்பது, சொத்தைப் பற்கள், குழாய் வழி உணவு. விழுங்கல் கோளாறு மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் போதுமான காரணமாகவில்லை. நுரையீரலுக்குள் போவது சுத்தமான தண்ணீரா, கிருமி மண்டிய எச்சிலா என்பதுதான் கேள்வி. கதிர்வீச்சால் எச்சில் வற்றி, பல் சொத்தையாகி, வாய் திறக்காததால் பல் துலக்கவும் முடியாதவருக்கு இது இரட்டை ஆபத்து. புரையேற்ற அறிக்கையில் வாய் சுத்தம் பற்றி ஒரு வரி இல்லையென்றால் அது அரைகுறை அறிக்கை. ஆபத்து சிறியதும் அல்ல: கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்ற அமெரிக்க முதியவர்களின் ஆவணங்களை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் புரையேற்ற நிமோனியா வந்திருந்தது.

இனி நோயாளியின் சொல். அது போதாது என்றேன், தேவையில்லை என்று சொல்லவில்லை. எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் உருவாகி 2001இல் வெளிவந்த இருபது கேள்விகள் கொண்ட 'எம்.டி.ஏ.டி.ஐ.' பட்டியல் நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. விழுங்கும் தசைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைத்துத் திட்டமிட்டால் பலன் உண்டா என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 112 பேரிடம் நடந்த 'டார்ஸ்' ஆய்வு முதன்மையாக நம்பியது இந்தப் பட்டியலைத்தான். ஓராண்டு முடிவில் அப்படித் திட்டமிட்ட சிகிச்சை பெற்றவர்களின் சராசரி 77.7, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 70.6 என்று 2023இல் முடிவு வந்தது. கதிர்வீச்சுத் திட்டத்தையே மாற்றக்கூடிய சான்று ஒரு கேள்வித்தாளிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்து படத்தில் எட்டாம் படி தெரிவதும், படம் ஓரளவு சரியாக இருந்து மனிதர் சாப்பாட்டையே வெறுத்திருப்பதும் அன்றாடம் நடப்பவை. ஒன்று உடம்பின் கணக்கு, மற்றது வாழ்க்கையின் கணக்கு. இரண்டையும் எடுக்க வேண்டும்.

கருவிகள் நமக்கு இடிக்கும் இடம் இங்கே வருகிறது. மார்சி லிஸ்ட் குழு 1990இல் வெளியிட்ட அளவுகோலில் உணவுக்கென ஒரு ஏணி உண்டு. மேலே கடலையும் இறைச்சியும், அதற்குக் கீழே கேரட்டும் செலரியும், பிறகு காய்ந்த ரொட்டியும் பிஸ்கட்டும், கீழே பிசைந்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் கூழ். திண்டிவனத்து விவசாயியை இந்த ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவது? முறுக்கு, பரோட்டா, தோசை, இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என்று நமக்கான ஏணி ஒன்று வேண்டும். லிஸ்ட் குழுவின் ஏணியில் காரத்துக்குத் தனிப் படியும் இல்லை. கதிர்வீச்சு முடித்தவர்கள் முதலில் இழப்பதும் கடைசியில் திரும்பப் பெறுவதும் பெரும்பாலும் காரம்தான். வீட்டுக் குழம்பு எரிகிறது என்பதற்காகவே தனித்தட்டு போடப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அதே அளவுகோலில் பிறர் முன்னிலையில் சாப்பிடுவதற்கும் ஒரு பகுதி உண்டு. அது நமக்கு அப்படியே பொருந்தும்: கல்யாணப் பந்தியில் உட்காருகிறாரா, அட்சதை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறாரா என்று கேட்டால் போதும்.

உணவின் தன்மையிலும் நம் சமையலறைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. உடம்பு சரியில்லாதவருக்கு ரசம் சாதம் என்பது நம் முதல் வைத்தியம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது கடினமான உணவுகளில் ஒன்று. சாதத்தை வாய் இன்னும் மென்றுகொண்டிருக்க, ரசம் தனியே பின்னால் ஓடி, குரல்வளை மூடுமுன் உள்ளே நுழைந்துவிடும். திடமும் நீரும் கலந்த எல்லா உணவுக்கும் இதே கதைதான். வறண்ட வாய்க்கு இட்லி ஒட்டிக்கொள்ளும்; சாம்பாரில் ஊறவைத்து மசித்தால் இறங்கும். 'கஞ்சி கொடுங்கள்' என்று எழுதுவதும் போதாது. ஒரு வீட்டுக் கஞ்சி தண்ணீர், அடுத்த வீட்டுக் கஞ்சி களி. 'இட்சி' என்ற சர்வதேச வகைப்பாட்டில் இதற்கு எளிய சோதனை உண்டு: பத்து மில்லி சிரிஞ்சில் ஊற்றி, பத்து நொடியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது. மிச்சம் ஒரு மில்லிக்கும் குறைவென்றால் தண்ணீர்ப் பதம், எட்டு மில்லிக்கு மேல் என்றால் நல்ல கெட்டி. எந்தப் பதம் அவருக்குப் பாதுகாப்பு என்று கேமராவில் கண்டறிந்து, அதை வீட்டில் சமைப்பவருக்குச் சிரிஞ்சோடு காட்டிக்கொடுத்தால்தான் மதிப்பீடு மருத்துவமனையைத் தாண்டி வருகிறது.

என் கோபமெல்லாம் ஒரு வகை அறிக்கைமேல். 'புரையேற்றம் உண்டு, வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மூக்கில் டியூபை மாட்டி அனுப்புவது. டியூப் தேவைப்படும் கட்டங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தலையைத் திருப்பினால் சரியாகிறதா, தாடையைத் தாழ்த்தினால், மூச்சைப் பிடித்து விழுங்கி உடனே இருமினால், கெட்டியாகக் கொடுத்தால் என்று ஒவ்வொன்றையும் அந்தத் திரையின் முன்னாலேயே முயன்று பார்ப்பதற்குத்தான் பரிசோதனை. லோகெமன் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தியது இதை. பயன்படுத்தாத தொண்டை இன்னும் வேகமாக இறுகும். ஹட்சசன் குழு 2013இல் வெளியிட்ட, 497 பேரைப் பற்றிய ஆய்வில், கதிர்வீச்சுக் காலம் முழுவதும் வாயால் சாப்பிட்டும் விழுங்கல் பயிற்சிகளைச் செய்தும் வந்தவர்களே பின்னாளில் சிறப்பாகச் சாப்பிட்டார்கள். ஒன்றை மட்டும் செய்தவர்கள் நடுவில். இரண்டையும் விட்டவர்கள் கடைசியில். வாய்ப்புண் வந்த பிறகு பயிற்சி கற்றுக்கொள்ள யாருக்கும் மனமிருக்காது. முதல் மதிப்பீட்டைக் கதிர்வீச்சுக்கு முன் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி மதிப்பீட்டுக்குத் தேதி குறிக்க முடியாது. புற்றுநோய் மருத்துவத்தில் ஐந்தாண்டு தாண்டினால் ஃபைலை மூடும் மனநிலை வந்துவிடுகிறது. விழுங்கல் கோளாறு அப்போதுதான் கிளம்பக்கூடும். கதிர்வீச்சுக்குப் பல ஆண்டுகள் கழித்து, சிலருக்குப் பத்தாண்டுக்கும் பிறகு, நாக்கை இயக்கும் நரம்பு செயலிழக்கிறது. நாக்கு ஒரு பக்கம் வற்றித் துடிக்கும், பேச்சு குழறும், சாப்பாடு தொண்டையில் நிற்கும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். அடிக்கடி வரும் காய்ச்சலுக்கு வேறு வேறு டாக்டர்கள் ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கரண்டை யாரும் நினைக்கமாட்டார்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இருமுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு அரை மணியைத் தாண்டினால், சாப்பிட்ட பின் குரல் ஈரமாக ஒலித்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த செக்கப்பில் விழுங்கும் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதைச் செய்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். உங்கள் மருத்துவமனையில் அவர் இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.